டான்யூபா, ரைனா? அம்மாவுடன் ஐரோப்பிய ஆற்றுக் கப்பல் பயணம்: ஆலோசனை வேண்டும்

வைகறை:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த ஆண்டு என் கணவரும் நானும் என் அம்மாவை அழைத்துக்கொண்டு ஐரோப்பாவில் ஓர் ஆற்றுக் கப்பல் பயணம் செல்லலாம் என்று எண்ணியிருக்கிறோம். அம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. நன்றாக நடப்பார், ஆனால் முழங்கால் வலி இருப்பதால் படிக்கட்டுகள் சிரமம். நாங்கள் மூவரும் சைவம், அம்மா முட்டையும் சாப்பிட மாட்டார். கோயம்புத்தூரிலுள்ள பயண முகவர் எங்கள் முன் மூன்று திட்டங்களை வைத்திருக்கிறார். ஆம்ஸ்டர்டாமிலிருந்து சுவிட்சர்லாந்தின் பாசல் வரை ரைன் ஆற்றில் ஒரு வாரம், ஜெர்மனியின் பாசாவ் நகரிலிருந்து புடாபெஸ்ட் வரை டான்யூபில் ஒரு வாரம், ஆம்ஸ்டர்டாமிலிருந்து புடாபெஸ்ட் வரை இரண்டு வாரம். மூன்றின் விளம்பரத் தாள்களிலும் ஊர்ப் பெயர்களும் உணவுப் படங்களுமே நிறைந்திருக்கின்றன, எதை வைத்து முடிவெடுப்பது என்று விளங்கவில்லை. சென்று வந்தவர்களும் அங்கேயே வசிப்பவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நெடும்பயணி:

வணக்கம் அம்மா. ஊர்ப் பட்டியலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். வியன்னாவையும் புடாபெஸ்டையும் ரயிலிலும் பார்க்கலாம், ஆம்ஸ்டர்டாமுக்கு விமானத்திலேயே இறங்கலாம். கப்பலில் ஏறுவதற்கான காரணம் ஆறு. அந்த ஆற்றின் மிக அழகான பகுதியைக் கப்பல் பகலில் கடக்கிறதா, நீங்கள் தூங்கும்போது கடக்கிறதா என்பதுதான் முகவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பெரும்பாலான கப்பல்கள் இரவில் ஓடிப் பகலில் ஊர்களில் நிற்பதால், ஒரு வாரப் பயணத்தில் கண் விழித்து ஆற்றைப் பார்க்கக் கிடைக்கும் நேரம் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு.

டான்யூபில் அந்தப் பகுதி ஆஸ்திரியாவின் வாகாவ் பள்ளத்தாக்கு. மெல்க் நகருக்கும் கிரெம்ஸ் நகருக்கும் இடையில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான், 2000ஆம் ஆண்டிலேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. திராட்சைத் தோட்டங்கள் படிப்படியாக மலையேறும், கரையோரம் ஆப்ரிகாட் பழ மரங்கள் நிற்கும். ஆங்கில மன்னர் ரிச்சர்டை 1192இன் இறுதியில் சிறைவைத்த கோட்டையின் இடிபாடு டியூர்ன்ஸ்டைன் ஊருக்கு மேலே தெரியும். ரைனில் அந்தப் பகுதி பிங்கனுக்கும் கோப்லென்ஸுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 65 கிலோமீட்டர். மலையிடுக்கில் ஆறு வளைந்து செல்ல, இரு கரையிலும் கோட்டை மேல் கோட்டையாக வரும். காவுப் ஊரருகே ஆற்றின் நடுவிலேயே ஒரு பழைய சுங்கக் கோட்டை நிற்கிறது. லோரலை பாறை நீர்மட்டத்திலிருந்து சுமார் 130 மீட்டர் உயரம்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை: கப்பல் நீரோட்டத்தோடு போகிறதா, எதிர்த்துப் போகிறதா? வாகாவில் ஓடும் பகல்நேரப் படகுகளின் அட்டவணையைப் பார்த்தால் வேறுபாடு தெரியும். கிரெம்ஸிலிருந்து மெல்க் வரை எதிர்நீரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம், திரும்பி வர இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. அதே கரை, அதே மரங்கள், ஆனால் எதிர்நீரில் செல்பவருக்குப் பார்க்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆகவே பாசாவிலிருந்து புடாபெஸ்ட் போவதைவிட, புடாபெஸ்டில் ஏறிப் பாசாவில் இறங்கும் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். ரைனிலும் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாசல் என்ற திசைதான் எதிர்நீர்த் திசை. அந்த வகையில் உங்கள் முகவர் நல்லதையே காட்டியிருக்கிறார்.

வியன்னாவாசி:

நெடும்பயணி சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். பல ஆண்டுகளாக இந்த ஆற்றங்கரையில் வாழ்பவன் என்ற முறையில் நீர்மட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் விளம்பரத் தாளில் அது எங்கோ சிறிய எழுத்தில்தான் இருக்கும்.

நீர் குறைந்தாலும் கப்பல் நிற்கும், கூடினாலும் நிற்கும். குறைந்தால் அடி தட்டும், கூடினால் பாலங்களுக்கு அடியில் நுழைய முடியாது. ரைனில் எல்லோரும் பார்ப்பது காவுப் ஊரின் நீர்மட்ட அளவுமானியை. 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டர் வரை இறங்கியது, 2022 ஆகஸ்டிலும் 40 சென்டிமீட்டருக்குக் கீழே போனது. அந்த எண் ஆற்றின் ஆழம் அல்ல என்பதால் பதற வேண்டியதில்லை. கப்பல் செல்லும் தடத்தின் ஆழம் அதைவிட ஒரு மீட்டருக்கும் சற்று அதிகமாக இருக்கும். ஆயினும் அந்த அளவில் நீண்ட பயணிக் கப்பல்கள் பலவற்றால் ஓட இயலாது. டான்யூபில் பெரும்பாலான இடங்களில் அணைகள் நீரைத் தேக்கி வைத்திருக்கின்றன. ஆனால் பவேரியாவில் ஸ்டிராவுபிங்கிலிருந்து ஃபில்ஸ்ஹோஃபன் வரையிலான ஏறத்தாழ 70 கிலோமீட்டர் அணையின்றி இயல்பாக ஓடுகிறது, கோடையின் பிற்பகுதியில் கப்பல்கள் தடைபடுவது பெரும்பாலும் அங்கேதான். பாசாவ் அதற்குக் கீழே இருப்பதால், பாசாவுக்கும் புடாபெஸ்டுக்கும் இடையில் மட்டும் ஓடும் கப்பலுக்கு அந்தத் தொல்லை இல்லை. ரேகன்ஸ்பர்க்கிலோ நியூரம்பெர்க்கிலோ தொடங்கும் பயணத்துக்கு அது உண்டு.

வெள்ளம் வேறு கதை. மூன்று ஆறுகள் கூடும் பாசாவில் 2013 ஜூனில் நீர்மட்டம் 12.89 மீட்டரை எட்டியது, 1501க்குப் பிறகு அவ்வளவு உயர்ந்ததில்லை என்கிறார்கள். 2024 செப்டம்பரில் கீழ் ஆஸ்திரியாவில் பெய்த பெருமழையால் இங்கே கப்பல் போக்குவரத்தே நிறுத்தப்பட்டது. இவை ஆண்டுதோறும் நடப்பவை அல்ல. எனினும் அப்படி நேர்ந்தால் என்ன செய்வார்கள் என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். தடைபட்ட இடத்துக்கு இருபுறமும் கப்பல் வைத்திருக்கும் நிறுவனங்கள் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி மறுபுறக் கப்பலுக்கு மாற்றும். அந்த வசதி இல்லாதவை கப்பலை நிறுத்திவைத்து, அதையே விடுதியாக்கிப் பேருந்தில் ஊர் காட்டும். உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு அந்தப் பேருந்து நாட்கள் ஏற்றவை அல்ல.

மாதத்தைப் பொறுத்தவரை மே நடுவிலிருந்து ஜூன் இறுதி வரை என்பேன். ஜூனில் வியன்னாவில் இரவு ஒன்பது மணி வாக்கில்தான் பொழுது சாயும், ஆகவே இரவு உணவுக்குப் பிறகும் மேல்தளத்தில் உட்கார்ந்து கரையைப் பார்க்கலாம். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைகளுக்காகவே பலர் வருகிறார்கள். சந்தைகள் உண்மையிலேயே அழகானவைதாம், ஆனால் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். ஆற்றைப் பார்க்க வருபவர்களுக்கு அது உகந்த காலமல்ல.

மேல்தளம்:

அம்மாவுக்காக அறையைப் பற்றிச் சொல்கிறேன். நான் என் பெற்றோருடன் சென்றேன், அவர்கள் வயதும் ஏறத்தாழ அதுதான்.

இந்தக் கப்பல்களில் பெரும்பாலானவை 110 அல்லது 135 மீட்டர் நீளம், 11.4 மீட்டர் அகலம். ரைனையும் டான்யூபையும் இணைக்கும் மாயின் ஆற்றிலும் கால்வாயிலும் உள்ள லாக்குகள் (நீரை நிரப்பியும் வடித்தும் கப்பலை ஏற்றி இறக்கும் தொட்டிகள்) 12 மீட்டர் அகலமே என்பதால் அதற்குமேல் போக இயலாது. ஆகவே எல்லா அறைகளும் சிறியவைதாம். மூன்று தளங்களில் அடித்தளம்தான் விலை குறைந்தது. அங்கே சன்னல் கூரையை ஒட்டி உயரத்தில் இருக்கும், திறக்க முடியாது, நீர் சன்னலுக்குச் சற்றுக் கீழே ஓடும். பல கப்பல்களில் மின்தூக்கி அந்தத் தளம் வரை இறங்காது, மேல்தளம் வரை ஏறுவதும் இல்லை. அடித்தளத்தில் பணத்தை மிச்சம் பிடித்தால் அம்மா ஒவ்வொரு வேளைக்கும் படியேற வேண்டியிருக்கும். நடுத்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள். பின்கோடி அறைகளில் இயந்திர ஒலி இரவு முழுவதும் இருக்கும்.

பால்கனி என்று எழுதியிருந்தால் அது எவ்வகை என்று கேளுங்கள். பிரெஞ்சு பால்கனி என்பது தரையிலிருந்து கூரை வரை திறக்கும் கண்ணாடிக் கதவும் அதன் முன் ஒரு கம்பித் தடுப்பும் மட்டுமே, நாற்காலி போட இடமிருக்காது. அதற்காகக் கூடுதலாகச் செலவிடுவது தகுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு, ஏனெனில் பரபரப்பான துறைகளில் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிவிடுவார்கள். காலையில் திரையை விலக்கினால் கைநீட்டும் தொலைவில் அடுத்த கப்பலின் சன்னல்தான் தெரியும். கரைக்குப் போக அடுத்த கப்பலின் வரவேற்பறை வழியாக நடக்க வேண்டும். சில சமயம் மேல்தளம் வழியாக ஏறி இறங்க வேண்டியிருக்கும். அம்மாவுக்கு இது தொல்லை தரும் என்று முகவரிடம் முன்பே தெரிவித்து வையுங்கள். எங்கள் பயணத்தில் பணியாளர்கள் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார்கள்.

கடற்கப்பல் போல் ஆடாது, குமட்டல் இருக்காது. அந்த அச்சம் இருந்தால் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் மூவர் என்பதால் இன்னொன்று. பெரும்பாலான அறைகள் இருவருக்கானவை. மூவர் தங்கும் அறை சில கப்பல்களில் மட்டுமே, அதுவும் ஓரிரண்டுதான் இருக்கும். அம்மாவுக்குத் தனி அறை எடுத்தால் தனி நபர் கூடுதல் கட்டணம் போடுவார்கள். விலைப்பட்டியலில் முதலில் பார்க்க வேண்டிய வரி அதுதான்.

வைகறை:

மூவருக்கும் மிக்க நன்றி. முகவர் தந்த விலையில் அம்மாவின் தனி அறைக் கட்டணம் சேர்க்கப்படவே இல்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். இரண்டு வாரப் பயணத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே? ஒரே மூச்சில் இரண்டு ஆறுகளையும் பார்த்துவிடலாம் என்பது என் கணவரின் விருப்பம்.

நெடும்பயணி:

கப்பல் பொறியியலில் ஆர்வம் இருந்தால் உங்கள் கணவருக்கு அது மறக்க முடியாத பயணமாக இருக்கும். ரைனிலிருந்து மாயின் ஆற்றில் திரும்பி பாம்பெர்க் வரை 34 லாக்குகள், அங்கிருந்து கேல்ஹைம் வரை 1992இல் முடிக்கப்பட்ட 171 கிலோமீட்டர் கால்வாயில் இன்னும் 16. கடல் மட்டத்திலிருந்து 406 மீட்டர் உயரத்துக்குக் கப்பல் படிப்படியாக ஏறி, ஐரோப்பாவின் நீர்ப்பிரிமேட்டைக் கடந்து டான்யூப் பக்கம் இறங்குகிறது. ஹில்போல்ட்ஸ்டைன் லாக்கில் கப்பல் ஏறுவதைப் பகலில் கட்டாயம் பார்க்க வேண்டும். ஈரம் சொட்டும் கான்கிரீட் சுவர் இருபுறமும் ஏறக்குறைய முப்பது சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்கும், கயிறு முறுக்கும் ஓசை கேட்கும், ஏறக்குறைய 25 மீட்டர் மேலே ஒரு துண்டு வானம் தெரியும். நீர் நிரம்ப நிரம்பச் சுவர் கீழே போய், திடீரென்று சோளக்கொல்லையும் தேவாலயக் கோபுரமும் கண்முன் வரும்.

ஆனால் மாயினில் பாலங்கள் தாழ்வானவை. மாலுமி நின்று கப்பலை ஓட்டும் அறையையே கீழே இறக்கிக்கொண்டு செல்வார்கள், மேல்தளத்தைச் சில நாட்கள் தொடர்ந்து பூட்டிவைப்பதும் உண்டு. போதாக்குறைக்கு, வியன்னாவாசி குறிப்பிட்ட ஸ்டிராவுபிங் பகுதியும் ரைன் இடுக்கும் இரண்டுமே வழியில் வருகின்றன. நீர் குறையும் இடங்கள் இரண்டும் உங்கள் தலையில். அம்மாவுடன் செல்லும் முதல் பயணத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தண்டவாளம்:

மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். பகலில் பார்க்க வேண்டிய பகுதி ஆற்றுக்கு ஒரு சில மணி நேரந்தான் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் ஒரு வாரக் கப்பலுக்கு ஏன் அவ்வளவு பணம்? கிரெம்ஸில் சில இரவுகள் தங்கி, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓடும் பகல் படகில் எதிர்நீரில் மெல்க் போய், மடாலயத்தைப் பார்த்துவிட்டு ரயிலில் திரும்பலாம். ரைனில் பிங்கனிலோ போப்பார்ட்டிலோ தங்கினால் கேடி நிறுவனத்தின் படகுகள் இருக்கின்றன. 1826இல் தொடங்கிய நிறுவனம். கோப்லென்ஸுக்கும் மைன்ஸுக்கும் இடையில் ஆற்றைக் கடக்கப் பாலமே இல்லை என்பதால் சிறு தோணித்துறைகள் ஊருக்கு ஊர் இருக்கும், அவற்றில் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வருவதே ஓர் அனுபவம். இடக்கரை ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்தால் கோட்டைகள் பல தெரியும். நீர் குறைந்தாலும் கூடினாலும் உங்கள் விடுதி அங்கேயே இருக்கும். கப்பல் கிளம்பும் நேரத்துக்காக ஊரைவிட்டு ஓடிவரவும் வேண்டாம். இளையவர்கள் இருவர் மட்டும் செல்வதாயின் கப்பலைக் கருதவே தேவையில்லை என்பது என் துணிபு.

மேல்தளம்:

இளையவர்கள் இருவர் என்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் இங்கே கேட்பவர் தாயுடன் செல்பவர். பெட்டியை ஒருமுறை பிரித்து வைத்தால் போதும், ரயில் நிலையப் படிகளில் தூக்கி ஏற வேண்டாம். நடக்க முடியாத நாளில் அம்மா கப்பலிலேயே இருந்தாலும் ஆறு அவர் முன்னால்தான் இருக்கும், விடுதி அறையில் அடைந்து கிடப்பது போல இராது. என் தாயார் மெல்க் மடாலயத்துக்கு வரவில்லை, மேல்தளத்தில் உட்கார்ந்து கரையில் ஓடும் மிதிவண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது எங்களைவிட அவர்தான் மகிழ்ச்சியாக இருந்தார்.

சுற்றுலாக்களைப் பற்றி ஒரு சொல். லின்ஸிலிருந்தோ பாசாவிலிருந்தோ சால்ஸ்பர்க் நகருக்கு முழுநாள் பேருந்துப் பயணம் ஒன்று பல டான்யூப் திட்டங்களில் இருக்கும். அழகிய நகரந்தான், ஆனால் அந்த நாள் முழுதும் சாலையில் போய்விடும். அம்மாவை அதற்கு அழைத்துச் செல்லாதீர்கள்.

கடவுச்சீட்டு:

விசா பற்றி ஒருவரும் தொடவில்லை. எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. கப்பல் ஜெர்மனியில் தொடங்குகிறது என்பதற்காக ஜெர்மனியிடம் போய் நிற்க வேண்டாம். பாசாவ் – புடாபெஸ்ட் பயணத்தில் லின்ஸ், மெல்க், வியன்னா என்று பெரும்பகுதி நாட்கள் ஆஸ்திரியாவில் கழியும். பயணத்துக்கு முன்போ பின்போ புடாபெஸ்டில் கூடுதல் நாட்கள் தங்கினால் கணக்கு ஹங்கேரியின் பக்கம் சாய்ந்துவிடலாம். ஆகவே விடுதிகளை முடிவு செய்துவிட்டு, ஒரு தாளில் நாளுக்கு நாள் எந்த நாடு என்று எழுதி எண்ணிப் பாருங்கள். நாள்வாரியாகத் துறைமுகங்களைக் குறிப்பிட்டு உங்கள் மூவரின் பெயரும் உள்ள உறுதிக் கடிதத்தைக் கப்பல் நிறுவனத்திடமிருந்து பெற்று இணையுங்கள்.

கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவப் பயணக் காப்பீடு கட்டாயம். அம்மாவின் வயதுக்கு, முன்பே உள்ள நோய்களுக்கும் பொருந்துமா என்று பார்த்து வாங்குங்கள். ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், மே, ஜூன் பயணமென்றால் சந்திப்பு நேரம் கிடைப்பதே கடினம் என்பதால் தாமதிக்காதீர்கள். பெல்கிரேடு வழியாகக் கருங்கடல் நோக்கிச் செல்லும் கப்பலை எப்போதாவது எண்ணினால், செர்பியா ஷெங்கனில் இல்லை, வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும் என்பதால் பலமுறை நுழையும் விசா தேவைப்படும்.

முகவர் பயணக் கட்டணத்தோடு சேர்த்து முன்கூட்டியே வசூலிக்கும் டிசிஎஸ் வரியை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வியன்னாவாசி:

உணவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லிவிட்டால் கப்பலின் சமையற்காரர்கள் நன்றாகவே கவனிக்கிறார்கள். “சைவம்” என்று மட்டும் சொன்னால் முட்டை கட்டாயம் வரும், சிலர் மீனையும் வைத்துவிடுவார்கள். முட்டை, மீன், இறைச்சிச் சாறு, ஜெலட்டின் இவை வேண்டாம், பாலும் தயிரும் வெண்ணெயும் வேண்டும் என்று தனித்தனியாக எழுதுங்கள். காய்கறி சூப் என்று பெயரிருந்தாலும் இறைச்சி வேகவைத்த நீரில் செய்யும் வழக்கம் இங்கே உண்டு, அதனால் ஒவ்வொரு நாளும் கேட்பதில் தயக்கம் வேண்டாம். ஆஸ்திரிய இனிப்புகளில் பெரும்பாலானவற்றில் முட்டை இருக்கும். வாகாவ் ஆப்ரிகாட் பழ ஜாம் மட்டும் அம்மா தாராளமாகச் சாப்பிடலாம், அதற்கு இணை எங்கும் கிடையாது. வியன்னாவில் கப்பல் ரைக்ஸ்பிரூக்கே பாலத்தருகே நின்றால் யு1 மெட்ரோ நடக்கும் தொலைவில்தான், நகர மையத்துக்குச் சில நிலையங்கள். இந்திய உணவகங்கள் நிறைய இருக்கின்றன.

வைகறை:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை மூவரும் உட்கார்ந்து பேசினோம். புடாபெஸ்டில் ஏறிப் பாசாவில் இறங்கும் ஒரு வாரப் பயணம், ஜூன் முதல் பாதி, நடுத்தள அறை என்று முடிவு செய்திருக்கிறோம். தனி அறைக் கட்டணத்தைச் சொன்னதும் அம்மா தயங்காமல் சித்தியைக் கைப்பேசியில் அழைத்துவிட்டார், சித்தியும் வருகிறார், ஆகவே இரண்டு அறைகள். கிரெம்ஸுக்கும் மெல்க்குக்கும் இடைப்பட்ட பகுதியை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிப்பார்கள் என்று முகவரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். அவருக்கே தெரியவில்லை, நிறுவனத்திடம் கேட்டுச் சொல்வதாகக் கூறினார்.

நெடும்பயணி:

மிக நல்ல முடிவு. பதில் வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம். “வானிலையைப் பொறுத்து மாறும்” என்று மட்டும் சொன்னால் ஏற்காதீர்கள், வழக்கமான நாளில் டியூர்ன்ஸ்டைன் துறையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள் என்று கேளுங்கள், அந்த விவரம் அவர்களிடம் கட்டாயம் இருக்கும். பிற்பகலில் கிளம்பினால் எதிர்நீரில் மெல்க் சேரும்போதும் ஜூன் மாதத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும். எதிர்நீரில் போகும்போது டியூர்ன்ஸ்டைனின் நீலநிறத் தேவாலயக் கோபுரமும் கோட்டையும் வலப்பக்கம் வரும், ஆகவே அம்மாவுக்கும் சித்திக்கும் மேல்தளத்தில் வலப்பக்க நாற்காலிகளை முன்கூட்டியே பிடித்து வையுங்கள்.